முதல் வகுப்பு வங்குறோத்து

1972 மார்ச் 2, வியாழன்

இன்றைய வியாபாரம்: ஒரு முழம் நாடா. வாங்கியவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின். காசு அடுத்த வெள்ளிக்கு.

ஊவா மாகாணத்தின் ஜவுளிச் சக்கரவர்த்தி, பதுளை பஜாரின் பட்டு மன்னன், ‘ஹாஷிம் அன்ட் சன்ஸ்’ ஸ்தாபகர், அதாவது நான், ஒரு முழ நாடாவோடு கடையைப் பூட்டினேன். சன்ஸ் யாரும் கிடையாது. போர்டு எழுதியவன் எழுத்துக் கூடினால் கடை பெரிதாகத் தெரியும் என்றான். மனைவி ஜெனீரா இருபது வருடமாக அந்தப் போர்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பகல் முழுக்கக் கடன் கொடுத்தவர்கள் வந்தார்கள். முத்தியங்கனை விகாரையின் பெரஹரா ஊர்வலத்தை விட நீளமான வரிசை. யானை மட்டும்தான் குறை என்று நினைத்தேன். பண்டாரவளை மொத்த வியாபாரி மஹ்ரூப் ஹாஜியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. அவருக்கு மட்டும் பதினெட்டாயிரம்.

“ஹாஷிம், எப்ப தாறீங்க?”

“ஹாஜியார், ஒங்கட சல்லி பத்திரமா ஈக்குது. எங்க ஈக்குதுண்டுதான் தெரியல்ல.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலிதான் சத்தம் போட்டது.

மார்ச் 3

ஏன் விழுந்தேன் என்று எனக்கே ஒரு விளக்கம் வேண்டாமா? அரசாங்கம் வெளிநாட்டுத் துணிக்குக் கதவடைத்தது. கடனுக்குத் துணி எடுத்த தேயிலைத் தோட்டத்து ஜனம், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, வாரா வாரம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. இவை இரண்டும் ஊருக்குச் சொல்லும் காரணங்கள். மூன்றாவது, கிளிச் சீத்தைத் துணி. கொழும்பில் மலிவாகக் கிடைத்தது என்று நாற்பது கட்டு அள்ளிப் போட்டேன். துணி நிறையக் கிளி. அந்தக் கிளிகளுக்கு வாந்தி வரும்போது யாரோ படம் பிடித்த மாதிரி ஒரு முகம். மூன்று வருடத்தில் மூன்று கட்டு விற்றது. மீதி முப்பத்தேழு கட்டும் என்னை ராக்கைத் தட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

மார்ச் 6, திங்கள்

என் வழக்கறிஞர், பிரக்கிராசி அருளம்பலத்தாரின் ஆபீசுக்குப் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர். பதுளைக் குளிருக்கு முப்பது வருடமாகக் கழுத்தில் சால்வை; அதே முப்பது வருடமாகப் பதுளை வழக்குகள்.

கணக்கை எல்லாம் பார்த்தார். “ஹாஷிம், நீர் முறிஞ்சு போனீர், காணும்.”

“முறியல்ல ஐயா. கொஞ்சம் வளஞ்சி ஈக்கிறன்.”

“வளைஞ்ச ஆளைக் கடன்காரன் மறியலுக்கு அனுப்பிக் கம்பி எண்ண வைப்பான். முறிஞ்ச ஆளைக் கோட்டு பாதுகாக்கும். எது வேணும்?”

விளக்கினார். நானே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், ‘ஐயா, நான் வங்குறோத்து, கடன் தீர்க்க வழியில்லை’ என்று மனுப் போட வேண்டும். சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். கோர்ட்டு அதையெல்லாம் தன் கையில் எடுத்து, விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு வீதப்படி பிரித்துக் கொடுக்கும். ஒருவன் முந்திக்கொண்டு அள்ள முடியாது. பிறகு என்னை எல்லாருக்கும் முன்னால் விசாரித்து, ஒரு சான்றிதழ் தரும். அதோடு பழைய கடன் என் கழுத்தை விட்டுவிடும்.

சான்றிதழில் மூன்று வகுப்பாம்! தன் பிழை இல்லாமல், தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவனுக்கு முதல் வகுப்பு. பாதி காலத்தின் பிழை, பாதி தன் பிழை என்றால் இரண்டாம் வகுப்பு. தானே வெட்டிய குழியில் விழுந்தவனுக்கு மூன்றாம் வகுப்பு.

“முதல் வகுப்பு எடுத்தா?”

“கொழும்புக்காரர் திரும்பவும் உமக்குக் கடனுக்குத் துணி தருவினம்.”

“மூணாம் வகுப்பெண்டா?”

“தேத்தண்ணிக் கடையிலயும் காசை வைச்ச பிறகுதான் கிளாஸ் வரும்.”

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன் நான். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பரீட்சை! முதல் வகுப்பில் சித்தியடைந்து, சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, புதுக் கடையின் நெற்றியில் தொங்கவிடுவேன். இலங்கையிலேயே, ஏன் கீழைத் தேசத்திலேயே, இவ்வளவு கௌரவமாக முறிந்தவன் இருக்கக் கூடாது.

மார்ச் 9

சொத்துப் பட்டியல் எழுத மருமகள் றஷீதா வந்தாள். என் மூத்த சகோதரி ராத்தாவின் மகள், பள்ளிக்கூட ஆசிரியை. அவளிடம் ஆங்கிலமும் பொறுமையும் இருக்கின்றன. எனக்கு இரண்டுமே இரவல்தான்.

கிளிச் சீத்தை 37 கட்டு. மற்றத் துணி 11 கட்டு. சேலை உடுத்தி வாசலில் நிற்கும் சாந்துப் பொம்பிளைப் பொம்மை ஒன்று, வலது கை இல்லை. ஒஸ்டின் கார் ஒன்று.

“ஓடுமா மாமா?”

“எறக்கத்தில ஓடும்.”

இரும்புப் பெட்டி ஒன்று.

“பெட்டிக்குள்ள?”

“அது நம்முட இல்ல. அமானிதம்.”

ஒன்பது துணி முடிச்சு இருக்கிறது உள்ளே. எல்லாம் பூனாகலைப் பக்கத்துத் தோட்ட ஜனத்தின் நகைகள். அவர்கள் குடியிருக்கும் லயத்து அறைக் கதவில் பூட்டு என்பது மரியாதைக்குத் தொங்குவது. அதனால் தோடு, அட்டியல், கொலுசு என்று எது சேர்ந்தாலும் முடிந்து கொண்டுவந்து கடைக்காரர் கையில் கொடுத்து விடுவார்கள். கல்யாணம், காது குத்து என்றால் வந்து வாங்கிப் போவார்கள். வட்டி கிடையாது, கூலி கிடையாது, எழுதிக் கொடுக்கும் துண்டு கிடையாது. துண்டு கேட்டால் கடைக்காரனைக் கள்ளன் என்றதாக அர்த்தம். கொடுத்தால் அவர்களைக் கள்ளர் என்றதாக அர்த்தம். என் வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

றஷீதா கூட்டினாள். “நாலாயிரத்தி நூத்திப் பன்னெண்டு ரூவா மாமா.”

அவள் போன பிறகு அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தேன். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு! இதைக் கோர்ட்டில் சத்தமாக வாசிப்பார்கள். மஹ்ரூப் ஹாஜியார் முன் வரிசையில் இருப்பார். ஜவுளிச் சக்கரவர்த்தியின் சாம்ராஜ்யம் ஒரு நல்ல பசுமாட்டின் விலைக்குக் கொஞ்சம் மேலே!

பேனா எடுத்து, கடைசி வரியாக, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சேர்த்தேன்: இரும்புப் பெட்டியில் தங்க நகைகள், சுமார் ரூபா 6,000.

எதையும் எடுக்கவில்லையே. வெறும் பார்வைக்கு. கல்யாண வீட்டில் பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவதில்லையா? முடிந்ததும் திருப்பிக் கொடுத்து விடுகிறோம்.

மார்ச் 13, திங்கள்

கோர்ட்டு. உறுதிமொழி எடுத்து, பட்டியல் அத்தனையும் உண்மை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பிரக்கிராசி அவசரத்தில் கடைசி வரியைப் பார்க்கவில்லை.

ஜட்ஜ் ஐயா மெலிந்த மனிதர், தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொல்ல, கோர்ட்டு முதலியார் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். ஏன் கடை விழுந்தது என்று கேட்டார்கள். உலக யுத்தத்தில் தொடங்கி, சுயஸ் கால்வாய் வழியாகக் கொழும்புப் புறக்கோட்டைக்கு வந்து, கிளியைத் தொடாமல் பத்து நிமிடம் பேசினேன். அரங்கமே கண் கலங்கியிருக்கும். முதலியார் மூன்று சொல்லில் முடித்தார். ‘வியாபாரம் குறைவு, ஐயா.’ இந்த மனிதர் மட்டும் காவியம் எழுத உட்கார்ந்திருந்தால் அது ஒரு தபாலட்டையில் முடிந்திருக்கும்.

மார்ச் 14, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு, கோர்ட்டுக்காகச் சொத்தைக் கையேற்கும் பிஸ்கால் ஆட்கள் வந்தார்கள். கையில் என் பட்டியல். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோடு போட்டார்கள். பொம்பிளைக்கு ஒரு கோடு, காருக்கு ஒரு கோடு. இரும்புப் பெட்டிக்கு வந்ததும் அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள்.

“ஐயா, உள்ளுக்குச் சில சாமான்…”

“லிஸ்ட்டில் இருக்கிறதுதானே?”

இருக்கிறதுதான்.

ஒன்றும் ஆகாது. விசாரணை முடிந்ததும் சொல்லி எடுத்துக் கொள்ளலாம். கடைக் கதவிலும் சீல். என்னிடம் மிச்சம் விட்டவை உடுபுடவை, படுக்கை, சட்டி பானை. ஜெனீராவையும் விட்டார்கள். அவளைப் பட்டியலில் எழுதவில்லை.

ஏப்ரல் 4

பாதுகாப்புக் கடிதம் வந்தது. வழக்கு முடியும் வரை கடனுக்காக என்னை யாரும் பிடித்து மறியலில் போட முடியாது. இதை விட வல்லமையான தாவீசுத் தாயத்து ஒன்றை நான் கண்டதில்லை. பஜாரில் நடு வீதியில் நடந்தேன். கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன். மரக்கறிக் கடைக்காரர், “அந்தக் கடிதம் உருளக்கிழங்குக்குச் செல்லாது, நானா. காச வைங்க” என்றார்.

மே 22

நாடு இன்று குடியரசானது. இலங்கைக்குப் புதுப் பெயர், புது முத்திரை. பழைய கடனை என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எந்த வகுப்பு கிடைத்ததோ.

ஜூன் 19, திங்கள்

பாக்கியலெட்சுமி வந்தாள். பூனாகலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள், இருபது வருடப் பழக்கம். கடை சீல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“மொதலாளி, எங்களுக்குத் தேதி வந்திருச்சுங்க. அடுத்த மாசம் பதினெட்டு. கோச்சி ஏறி, தலைமன்னார்ல கப்பல். எம் முடிச்ச வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“எங்க போறீங்க?”

“தொறையூர்ப் பக்கமாம். எங்க தாத்தா ஊரு. நாங் கண்டதில்ல. இங்க இருந்து கொண்டு போறது அந்த முடிச்சு ஒண்ணுதாங்க. அத வித்துத்தான் ஒரு குடிசையாச்சும் போடணும்.”

“அடுத்த கெழம வாங்க.”

இதைச் சொன்னது என் வாய்தான். நான் இல்லை.

ஜூன் 26

மறுபடி வந்தாள், புருஷன் தம்பையாவோடு. நான் பின்பக்கத்தால் கக்கூசுக்குள் போய் உட்கார்ந்து கொண்டேன். ஊவாவின் ஜவுளிச் சக்கரவர்த்தி முக்கால் மணி நேரம் வாளிக்குப் பக்கத்தில். வாசலில் ஜெனீரா தேத்தண்ணி கொடுத்தது கேட்டது. தம்பையா, “மொதலாளி மேல சந்தேகம் ஒண்ணும் இல்லீங்கம்மா, நாளுதான் கிட்ட வந்திருச்சு” என்றதும் கேட்டது.

சந்தேகப்பட்டிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

ஜூன் 28, புதன்

அருளம்பலத்தாரிடம் உண்மையைச் சொன்னேன். சால்வையைக் கழற்றினார். முப்பது வருடத்தில் முதல் தடவை.

“விசரே உமக்கு? ஆரோ ஆக்களின்ரை நகையை உம்முடையது எண்டு சத்தியப் பட்டியல்லை எழுதினனீரே?”

“எண்ணிக்கைக்குத்தான் ஐயா. கொஞ்சம் எடுப்பா ஈக்கட்டுமெண்டு.”

“முறியிற ஆக்கள் இருக்கிறதை ஒளிப்பினம். இல்லாததை எழுதின வங்குறோத்து இந்த நாட்டிலை நீர் ஒருத்தர்தான்.”

வேறு நேரமென்றால் இதைப் பாராட்டாக எடுத்திருப்பேன்.

நிலவரம் இதுதான். நகை என்னுடையது என்றால் ஏலத்தில் போகும். அவர்களுடையது என்றால் நான் மார்ச்சில் சொன்னது பொய். முதல் வகுப்பை மறந்து விடலாம், சான்றிதழே இல்லாமலும் போகலாம், மறியலும் வரலாம். அதுவும் சொன்னால் மட்டும் போதாது. கடன் கொடுத்தவர்களின் பிரக்கிராசி, ‘தோட்டத்து ஆட்களைக் கூட்டி வந்து நகையைக் கடத்தப் பார்க்கிறான்’ என்பார். அத்தோடு சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறதாம். மற்றவனுடைய பொருளானாலும், என் கையில், என் பெட்டியில், ஊரெல்லாம் என்னுடையது என்று நம்பும்படி கிடந்தால் அது கடன் கொடுத்தவர்களுக்கே.

“துண்டு ஏதும் எழுதினனீரோ?”

“இல்ல.”

“ஒரு கையெழுத்து? ஒரு பெருவிரல் அடையாளம்?”

“இல்ல ஐயா.”

“கோட்டிலை அடுத்த தவணை ஜூலை இருபத்தாறு.”

அவர்கள் போவது பதினெட்டு.

ஜூன் 29

யா அல்லாஹ், என்னத்தச் செஞ்சி வெச்சீக்கிறன் நான்? ஒரு வரி. ஒரே ஒரு வரி. யாருக்குப் பெரிசு காட்ட? அந்த யானைக்கா?

ஜெனீராவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். அடுப்படியில் நின்றபடியே முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள். “சன்ஸ் எண்டு எழுதினீங்க, நான் ஒண்டும் செல்லல்ல. அது என்ட தலயோட போற விசயம். இது அந்தப் பொண்டுட தல. போய்க் கோர்ட்டுல உள்ளதச் செல்லுங்க. மறியலுக்குப் போனா நான் சோறு கொண்டாறன்.”

ஜூலை 3

அருளம்பலத்தார் மனுப் போட்டார். ஜட்ஜ் ஐயா பயணத் தேதியைப் பார்த்துவிட்டு, விசாரணையை ஜூலை 14க்கு எடுத்தார். நானே பூனாகலைக்கு பஸ் ஏறிப் போய்ப் பாக்கியலெட்சுமியிடம் விசயத்தைச் சொன்னேன். லயத்து வாசலில் நின்று சொல்வதற்கு, கோர்ட்டில் சொல்வதை விட நேரம் எடுத்தது. அவள் திட்டவில்லை. தம்பையாதான், “நெசமாலுமே ஒங்களுதுன்னு எழுதிட்டீங்களா மொதலாளி?” என்று இரண்டு தரம் கேட்டான்.

ஜூலை 14, வெள்ளி

எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

கோர்ட்டு நிறைய ஆள். பூனாகலையிலிருந்து ஒரு லொறி ஜனம். மற்ற எட்டு முடிச்சுக்காரர்களும் வந்திருந்தார்கள். முன் வரிசையில் மஹ்ரூப் ஹாஜியார், இரண்டு பேருடைய இடத்தில். சீல் வைத்த இரும்புப் பெட்டியை ஆறு பேர் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் வைத்தார்கள்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் ஐயா கேட்டார்: மார்ச் 13ஆம் தேதி இந்த நகைகள் உம்முடையவை என்று உறுதிமொழி கொடுத்தீரா?

“ஓம்.”

அது உண்மையா?

சுயஸ் கால்வாய் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கடைசி வரிசையில் ஜெனீரா இருந்தாள்.

“பொய்.”

முதலியாரும் ஒரே சொல்லில் சொன்னார். எங்கள் இருவருடைய பேச்சும் ஒரே நீளமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது பாக்கியலெட்சுமி. வெள்ளைச் சேலை, தலையில் எண்ணெய், காதில் ஈர்க்குக் குச்சி. ஹாஜியாரின் பிரக்கிராசி எழுந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், காலில் பளபளக்கும் சப்பாத்தில் முகம் பார்க்கலாம்.

“உன்னுடைய நகை என்றால் ஏன் ரசீது வாங்கவில்லை?”

“வாங்குனா மொதலாளி கோவிச்சுக்குவாருங்க.”

“வங்கியில் வைத்திருக்கலாமே? அங்கே ரசீது தருவார்கள்.”

“தருவாங்கன்னுதான் சொல்றாங்க. வாசல்ல நிக்கிறவரு எங்கள உள்ள வுட்டாத்தானேங்க.”

சிரிப்பு. ஜட்ஜ் ஐயா மேசையைத் தட்டினார். பெட்டியைத் திறப்பதற்கு முன், தன் முடிச்சில் என்ன இருக்கிறதென்று அவளைச் சொல்லச் சொன்னார்.

“ரெண்டு தோடுங்க. ஒண்ணுல ஒரு கல்லு விழுந்திருச்சு, செவப்பு அரக்கு வச்சு அடச்சிருக்கேன். ஒரு அட்டியலு. ஒரு மூக்குத்தி. வெள்ளிக் கொலுசு ஒரு சோடி, எம் மக ஆறு வயசுல போட்டது. எல்லாத்தையும் கிளித் துணியில முடிஞ்சிருக்கும்.”

“என்ன துணி?”

“கிளி போட்ட சீத்தைங்க. மொதலாளி சும்மாவே குடுத்தாரு. காசுக்கு யாரும் வாங்க மாட்டாங்க அத.”

கோர்ட்டே சிரித்தது. முதலியார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தார், சண்டாளன். ஜட்ஜ் ஐயா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். தடிமன்தானா?

சீலை உடைத்தார்கள். கிளித் துணி. தோடு. அரக்கு. அட்டியல். மூக்குத்தி. கொலுசு. மற்ற எட்டுப் பேரும் அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

கொழும்புப் பிரக்கிராசி விடவில்லை. நகை யாருடையதாக இருந்தால் என்ன, இவர் கையில் இவருடையது போலக் கிடந்தது. இவருக்குச் சொத்து இருக்கிறது என்று நம்பித்தான் என் கட்சிக்காரர் கடன் கொடுத்தார். ஆகவே அது கடனுக்குச் சேர வேண்டும் என்று கொக்கியை எடுத்து மாட்டினார். அருளம்பலத்தாரின் முகம் தொங்கியது.

ஜட்ஜ் ஐயா கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, “அப்படி நம்பியவரையே கேட்போம்” என்று மஹ்ரூப் ஹாஜியாரைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். கூண்டு முனகியது.

உறுதிமொழி முடிந்தது. கேள்வி ஒன்றே ஒன்று. தோட்டத்து ஆட்கள் கடைக்காரரிடம் நகையைப் பத்திரத்துக்குக் கொடுத்து வைக்கும் வழக்கம் உமக்குத் தெரியுமா?

ஹாஜியார் தன் பிரக்கிராசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். அதில் பாதிப்பேர் பண்டாரவளையில் அவர் கடையிலும் துணி எடுப்பவர்கள். தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டார்.

“தெரியும்.”

எப்படித் தெரியும்?

“என்ட பெட்டியிலயும் ஈக்குது. பதினாலு முடிச்சி.”

அவை உம்முடையவை என்று யாராவது நம்புவார்களா?

“நம்பினா அவன் மடையன், தொரை.”

கொழும்புப் பிரக்கிராசி உட்கார்ந்து விட்டார். சப்பாத்தில் தன் முகத்தைப் பார்த்திருப்பார்.

தீர்ப்பு நாலு வரி. ஊர் அறிந்த வழக்கம். எவரும் இந்த நகைகளை ஹாஷிமின் சொத்து என்று நம்பியிருக்க முடியாது. இவை வங்குறோத்தின் சொத்தில் சேரா. உரியவர்களிடம் இன்றே கொடுக்கப்பட வேண்டும். என் பொய்யைப் பற்றிச் சான்றிதழ் விசாரணையில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், என்னைப் பாராமலே.

வெளியே ஹாஜியார் வழியை மறித்தார். அவர் மறித்தால் சுற்றிப் போவதற்கு வாடகைக் கார் வேண்டும்.

“ரூவாய்க்கு இன்னம் பதினாலு, பதினஞ்சி சதம் கெடச்சிருக்கும் ஹாஷிம், அந்த நகையால.”

“அப்ப ஏன் உண்மயச் செல்லினீங்க?”

“மடையன்! பதினாலு முடிச்சி ஈக்குது எண்டு செல்றன்.”

ஜூலை 18, செவ்வாய்

பதுளை ஸ்டேஷன். பிளாட்பாரம் முழுக்க அழுகை. இதைப் பெரிதுபடுத்தி எழுத முயன்றேன், முடியவில்லை. இருந்ததே என் அளவை விடப் பெரிது.

பாக்கியலெட்சுமி என் கையில் நாற்பது ரூபாயை வைத்தாள். கடைக் கணக்குக் கொப்பியில் அவர்கள் பேரில் அறுபத்து மூன்று இருக்கிறதாம். மீதி இருபத்து மூன்றுக்கு மன்னிக்க வேண்டுமாம்.

“இது எனக்கு வாங்க ஏலாது. எனக்கு வர வேண்டிய கடன் எல்லாம் இப்ப கோர்ட்டுட கடன்.”

“அப்ப கோர்ட்டு ஐயாகிட்டயே குடுத்துருங்க மொதலாளி.”

கோச்சி போனதும் நேரே கோர்ட்டுக்குப் போய்க் கொடுத்தேன். கிளார்க்கருக்கு எந்தப் புத்தகத்தில் எழுதுவதென்று தெரியவில்லை. கப்பல் ஏறியவர்களிடமிருந்து கடன் வந்ததாக இதற்கு முன் ஒரு பதிவும் இல்லையாம்.

ஆகஸ்ட் 11

ஏலம். பொம்பிளை ஏழு ரூபாய். ஒஸ்டினை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். இரும்புப் பெட்டியை நகைக் கடைக்காரர் எடுத்தார். கிளிச் சீத்தை முப்பத்தேழு கட்டுக்கும் கேட்க ஆள் இல்லை. கடைசியில், சும்மா போகிறதே என்று ஆசைப்பட்டு, மஹ்ரூப் ஹாஜியார் கையைத் தூக்கினார். அல்லாஹ் நீதமானவன்.

ஆகஸ்ட் 30, புதன்

சான்றிதழ் விசாரணை. காரைப் பற்றிக் கேட்டார்கள், சீத்தையைப் பற்றிக் கேட்டார்கள். இம்முறை கிளியைத் தொட்டேன். ஜட்ஜ் ஐயா சொன்னதை றஷீதா காதோடு சொன்னாள்: துணித் தட்டுப்பாடு இவர் பிழை அல்ல, பாதி நட்டம் காலத்தால் வந்தது, இரண்டாம் வகுப்புக் கொடுத்திருப்பேன். ஆனால் சத்தியப் பட்டியலில் பிறர் பொருளைத் தனதென்று எழுதினார். தானே வந்து அதை மறுத்ததால் மறியல் வேண்டாம். மூன்றாம் வகுப்பு.

வீட்டில் ஜெனீரா சான்றிதழை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “சீல் நல்லா ஈக்குது” என்றாள்.

கொழும்புக்கு இரண்டு கடிதம் போட்டேன், கடனுக்குத் துணி கேட்டு. பதில் வராது. தெரிந்துதான் போட்டேன்.

செப்டம்பர் 20

பதில் வரவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

இப்போது என் கடை, மருந்துக் கடைப் படிக்கட்டில் ஒரு சாக்கு. வெட்டுத் துணித் துண்டுகள், கைக்குக் கை காசு. போர்டு இல்லை.

இன்று ஒரு கிழவர் வந்து நின்றார். கம்பளிப் போர்வை, வெறுங்கால். துணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“கோர்ட்டுல பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட மொதலாளி நீங்கதானுங்களே?”

“ஓம்” என்றேன்.

“எம் பேரு முருகையாங்க. நமுனுகுலைக்கு மேல இருக்கோம்.” போர்வைக்குள்ளிருந்து ஒரு முடிச்சை எடுத்தார். “இதக் கொஞ்சம் வச்சுக்குங்க. தேதி வர்ற வரைக்கும்.”

கடை போய்விட்டது, இரும்புப் பெட்டி போய்விட்டது, கோர்ட்டு எனக்கு மூன்றாம் வகுப்புத்தான் கொடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

“அதெல்லாங் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேங்க.”

நான் பிடிவாதமாக ஒரு துண்டு எழுதினேன். இன்ன தேதி, இன்ன சாமான், இன்னாருடையது, கையெழுத்து. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து, என் கையிலேயே கொடுத்தார்.

“இதையும் நீங்களே வச்சுக்குங்க. லயத்துல எலித் தொல்ல.”

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதில் வைப்பது? ஜெனீரா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிசிப் பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். காய்ந்ததும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.